பின்பனித் தோட்டம்: அவசரம் செடிக்கா, நமக்கா?

குளிர்காலம் முடியப்போகிற அந்த ஐந்தாறு வாரங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு, ஒரு நாள் வெயில் முதுகில் கொஞ்சம் உறைத்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நான் பார்த்தவரை அந்த முதல் வெயிலில் நடக்கும் வேலைகளில் முக்கால்வாசி, ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் எதுவும் கெட்டுப்போகாதவை. சிலது ஒரு மாதம் கழித்துத்தான் செய்திருக்கவே வேண்டும். ஆனால் அன்றைக்கே செய்தாக வேண்டிய இரண்டு மூன்று வேலைகள் இருக்கின்றன பாருங்கள், அவற்றை யாரும் தொடுவதில்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து யோசிக்க வேண்டிய வேலைகள் அவை, மண்ணைக் கிளறும் சந்தோஷம் அதில் கிடைக்காது.

அதனால் இந்தப் பருவத்து வேலைகளை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பிரிப்பேன். இதற்குக் கெடு வைத்தது செடியா, நானா? செடி வைத்த கெடு என்றால் மழையோ குளிரோ, போய்ச் செய்துவிட வேண்டும். நான் வைத்த கெடு என்றால் தேநீர் போட்டுக்கொண்டு உட்காரலாம்.

தேதியை வைத்து இதைச் சொல்ல முடியாது. வடகோளத்தில் பிப்ரவரி, மார்ச் என்றும் தென்கோளத்தில் ஆகஸ்ட் என்றும் பொதுவாகச் சொல்லலாம், அதற்கு மேல் நாள்காட்டிக்கு வேலை இல்லை. ஒரே ஊரில் ஒரு வருடம் மொட்டு மூன்று வாரம் முந்தும், இன்னொரு வருடம் பிந்தும். இதை ஒருவர் உட்கார்ந்து எழுதியே வைத்தார். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தொடங்கி, முதல் பூ எப்போது பூத்தது, எந்த மரம் எப்போது துளிர்த்தது, தவளை எப்போது கத்த ஆரம்பித்தது என்று ஆண்டுதோறும் குறித்துக்கொண்டே போனார். அவருக்குப் பிறகு அவருடைய குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். அதே காலகட்டத்தில், 1735இல், பிரான்சில் ரியோமர் என்கிற அறிவியலாளர் இன்னொன்றைச் சொன்னார்: பயிர் முற்றுவதற்கு எத்தனை நாள் ஆனது என்பதைவிட, அந்த நாட்களில் சேர்ந்த வெப்பம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. இன்று விவசாயிகள் போடும் வெப்ப அலகுக் கணக்குக்கெல்லாம் தொடக்கம் அதுதான். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மொட்டைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

மொட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஆப்பிள், பேரி மாதிரி இலை உதிர்க்கும் மரங்கள் குளிரை எண்ணிக்கொண்டிருக்கின்றன. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தாக வேண்டும் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு கணக்கு உண்டு. பல ஆப்பிள் வகைகளுக்கு அது 800 முதல் 1000 மணி நேரம். குளிர் குறைந்த இடங்களுக்கென்று தேர்ந்தெடுத்த வகைகளுக்கு 300 மணி நேரத்துக்கும் குறைவாகவே போதும். அந்தக் கணக்கு முடியும்வரை நடுக்குளிர்காலத்தில் ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தாலும் மரம் ஏமாறாது. கணக்கு முடிந்த பிறகு நிலைமை தலைகீழ். எந்தச் சூடு வந்தாலும் மரம் அதை நம்பிவிடும். பின்பனியில் வரும் இளவெயில் ஆபத்தானது என்று சொல்வது இதனால்தான். நமக்குக் கை பரபரக்கும் அதே வாரத்தில்தான் மரமும் அவசரப்பட்டு விழிக்கிறது.

விழிக்க விழிக்க அதன் குளிர் தாங்கும் சக்தி இறங்கிக்கொண்டே வரும். ஆப்பிள் மொட்டின் நுனியில் வெள்ளி நிறம் தெரியும் கட்டத்தில் சுமார் −9 டிகிரி போனால்தான் பத்தில் ஒரு பங்கு மொட்டு சாகும். அதே மொட்டு முழுதாகப் பூத்து நிற்கும்போது −2 டிகிரிக்கே அந்த அளவு சேதம் வந்துவிடும், −4 டிகிரி என்றால் பத்தில் ஒன்பது போய்விடும். எனவே மரத்தை விழிக்கத் தூண்டுகிற எதையும் இந்த நாட்களில் செய்யக் கூடாது. தழைச்சத்து உரம் போடுவது அதில் முதல். உறங்குகிற மரத்துக்கு இப்போது உரம் போட்டால் பெரும்பகுதி மழையோடும் உருகும் பனியோடும் அடித்துக்கொண்டு போகும், அது வேறு வீண்.

சரி, கவாத்து, அதாவது கிளை வெட்டுவது.

செடி கெடு வைத்த வேலைகளில் பெரியது இதுதான். உறைபனியின் கடுமை தணிந்த பிறகு, மொட்டு உடைவதற்கு முன்னால், நடுவில் கிடைக்கிற சில வாரங்கள். இலை இல்லாததால் மரத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது, எந்தக் கிளை எதில் உரசுகிறது, எது உள்நோக்கி வளர்கிறது என்பதெல்லாம் கோடையில் எவ்வளவு கழுத்தை வளைத்தாலும் தெரியாது. சேமித்த மாவுச்சத்து வேரிலும் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் இருக்கிறது, நாம் வெட்டிப் போடும் சிறு கிளைகளோடு போவது கொஞ்சம்தான். நடுக்குளிரிலேயே வெட்டினால் வெட்டுவாயை ஒட்டிய திசு உறைந்து சாக வாய்ப்பு உண்டு. துளிர்க்கிற நேரத்தை ஒட்டி வெட்டினால் காயம் அதிக நாள் திறந்து கிடக்காது, மரம் சீக்கிரம் விளிம்பு கட்டி மூட ஆரம்பித்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கிளையின் நுனி மொட்டில் ஆக்சின் என்கிற வளர்ச்சி ஊக்கி உண்டாகிறது, அது கீழே இறங்கி மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் அடக்கம் போய்விடும், வெட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று மொட்டுகள் ஒரே நேரத்தில் கிளம்பும். மரம் அடர்ந்துவிட்டதே என்று நுனிகளையெல்லாம் சமமாகக் கத்தரித்துவிடுகிறவர்கள் அடுத்த வருடம் அதே இடத்தில் மூன்று மடங்கு புதரைப் பார்ப்பது இதனால்தான். அடர்த்தி குறைய வேண்டும் என்றால் கிளையை அது பிறந்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். கிளைக்க வேண்டும் என்றால்தான் நுனியில் வெட்ட வேண்டும். இந்த இரண்டு வெட்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கவாத்தில் பாதி வந்துவிட்டது என்றே சொல்வேன். மீதிப் பாதி, எப்போது நிறுத்துவது என்பது.

அது முதல் பாதியைவிடக் கஷ்டம். கத்தரி நன்றாக வெட்ட ஆரம்பித்தால் கை நிற்காது. ஒரு பருவத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால், வேரில் இருக்கும் சேமிப்பு முழுவதும் மிச்சமிருக்கும் கொஞ்சம் மொட்டுகளுக்குள் பாய்ந்து, மரம் முழுக்க நேராக வானத்தைப் பார்த்து நிற்கும் போத்துகளாகக் கிளம்பும். அதில் பூவும் வராது காயும் வராது. பல வருடம் கவனிக்காமல் விட்ட மரம் என்றால் மூன்று குளிர்காலங்களாகப் பிரித்து வெட்டுவதே சரி. என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: செத்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்பேன். பெரும்பாலும் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

எங்கே வெட்டுவது என்பதில் இன்னும் பழைய பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டிவிட்டு மேலே தார் மாதிரி எதையாவது பூசுவது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்கிற மரநோய் ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து, இந்த இரண்டுமே தவறு என்று காட்டினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும், அழுகலைத் தடுத்து நிறுத்தும் அரணும் அங்கேதான் இருக்கிறது. வெட்டு அந்தத் தடிப்புக்குச் சற்று வெளியே விழ வேண்டும். உள்ளே போனால் அரண் போய்விட்டது, ரொம்ப வெளியே நின்றால் ஒரு முளைக்குச்சி நின்றுகொண்டு அழுகும். மரம் நம் தோல் மாதிரி காயத்தை ஆற்றுவதில்லை, அந்தப் பகுதியைச் சுவர் கட்டி ஒதுக்கிவிட்டுப் புது மரத்தை மேலே வளர்த்துக்கொள்கிறது. பூச்சு அதற்கு உதவுவதில்லை, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து அழுகலுக்கு வேண்டுமானால் உதவும். காசு மிச்சம்.

கை மணிக்கட்டை விடப் பருத்த கிளை என்றால் மூன்று வெட்டு. வெட்ட வேண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழிருந்து மேலாகப் பாதி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக முழுதும், கடைசியில் மிஞ்சும் குட்டைத் துண்டைத் தடிப்புக்கு வெளியே. இல்லாவிட்டால் கிளையின் கனம் பட்டையைக் கிழித்துக்கொண்டு அடிமரம் வரை இறங்கிவிடும்.

இனி, கத்தரி படக்கூடாதவை. வசந்தத்தில் முதலில் பூக்கும் புதர்கள், லைலாக், ஃபார்சித்தியா போன்றவை, போன கோடையிலேயே மொட்டுக் கட்டி முடித்துவிட்டன. இப்போது வெட்டினால் செடிக்கு ஒன்றும் ஆகாது, இந்த வருடப் பூ மட்டும் குப்பையில் இருக்கும். அவற்றைப் பூத்து முடித்த கையோடு வெட்ட வேண்டும். ஹைட்ராஞ்சியாவில் இந்தக் குழப்பம் அதிகம். நீலமும் இளஞ்சிவப்புமாக உருண்டைப் பூ பூக்கும் பெரிய இலை வகை பழைய தண்டில் பூக்கிறது, கூம்பு வடிவப் பூங்கொத்து வைக்கும் வகை புதுத் தண்டில் பூக்கிறது. இரண்டாவதை இப்போது தாராளமாக வெட்டலாம். முதலாவதில் காய்ந்த பூவை மட்டும், அதுவும் உறைபனி போன பிறகு. ராஸ்ப்பெர்ரியிலும் இதே கதை. இலையுதிர்காலத்தில் காய்க்கும் வகையை இப்போது தரையோடு வெட்டலாம், கோடையில் காய்க்கும் வகையில் போன வருடம் காய்த்து முடிந்த பழைய தண்டுகளை மட்டும் எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் வழித்துவிட்டால் ஒரு பழம்கூட வராது. வருடம் முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும் ரோஜாக்களை மொட்டு புடைக்கும்போது வெட்டலாம், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பழைய ரோஜாக்களை இப்போது விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத புதர் என்றால் ஒரு வருடம் சும்மா விட்டு எப்போது, எந்தத் தண்டில் பூக்கிறது என்று பார்த்துக்கொள்வதுதான் மலிவான வழி.

செர்ரி, பிளம் இரண்டும் தனி. ஈரம் மிகுந்த குளிர்காலம் உள்ள இடங்களில் இவற்றின் வெட்டுக் காயம் வழியாக வெள்ளி இலை நோய்ப் பூசணமும் பட்டைப்புண் உண்டாக்கும் பாக்டீரியாவும் நுழையும். கோடையில் உலர்ந்த நாளில் வெட்டுவதே அவற்றுக்குப் பாதுகாப்பு. திராட்சைக்கு வேறு விதம். தாமதமாக வெட்டினால் வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் வேர் அழுத்தத்தால் மேலேறும் நீர்தான் அது, கொடிக்குக் கேடில்லை. சொல்லப்போனால் பின்பனி உறைவு அடிக்கடி வரும் இடங்களில் வேண்டுமென்றே தாமதமாக வெட்டுகிறார்கள். நீண்ட கொடியின் நுனி மொட்டுகள் முதலில் விழிக்கும், நமக்கு வேண்டிய அடி மொட்டுகள் அதுவரை அடங்கிக் கிடக்கும். நுனி உறைந்து கருகினாலும் கவலை இல்லை, அதை எப்படியும் வெட்டித்தான் போடப்போகிறோம்.

கவாத்துக்கு அடுத்து, இன்னும் கறாரான கெடு உள்ளது தெளிப்பு. பீச் மரம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வசந்தத்தில் இலைகள் தடித்து, சுருண்டு, சிவந்து கொப்புளம் கொப்புளமாக வரும் இலைச்சுருள் நோய். அதைப் பார்த்துவிட்டு மருந்து வாங்க ஓடுவார்கள், அந்த வருடத்துக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. பூசண வித்துகள் குளிர்காலம் முழுக்கப் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் ஒட்டிக்கொண்டு, மொட்டு புடைத்து லேசாகத் திறக்கிற நேரத்தில் மழையோடு உள்ளே போய்விடுகின்றன. செம்புக் கலவை அதற்கு முன்னால் மரத்தின் மேல் இருக்க வேண்டும். மொட்டில் பச்சை தெரிந்துவிட்டால் அடுத்த வருடம்தான்.

இந்தச் செம்புக் கலவையின் கதை எனக்குப் பிடிக்கும். பிரான்சில் போர்டோவை ஒட்டிய திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்கப் பாதையோரக் கொடிகளின் மேல் மட்டும் செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அருவருப்பாகத் தெரியும்படி தெளித்து வைத்திருந்தார்கள். அடிச்சாம்பல் நோய் வந்து தோட்டமே இலை உதிர்த்து நின்றபோது பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்ததை மில்லார்டே என்கிற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார், சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். போர்டோ கலவை என்ற பெயர் அப்படி வந்தது. திருடனுக்கு வைத்தது நோயைப் பிடித்தது. ஆனால் செம்பு மண்ணில் மக்காது, வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. நோய் இருந்த மரத்துக்கு, அட்டையில் சொன்ன அளவுக்கு, அவ்வளவுதான். இருக்கட்டுமே என்று தோட்டம் முழுக்க அடிக்கிற பழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

செதில் பூச்சி, சிலந்திப்பேன் முட்டை, அசுவினி முட்டை போன்றவை பட்டையில் தெரிந்தால் கனிம எண்ணெய்த் தெளிப்பும் இந்த இடைவெளியில்தான். எண்ணெய்ப் படலம் அவற்றை மூச்சடைக்க வைத்துக் கொல்லும். அடுத்த ஒரு நாளுக்கு உறைபனி இருக்கக் கூடாது, வெப்பம் 4, 5 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும், இலை வந்திருக்கக் கூடாது. மூன்றும் கூடிவருகிற நாள் சில வருடங்களில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும்.

மரங்களை விட்டு மண்ணுக்கு வந்தால் எல்லாம் எதிர்மாறு. மண்ணில் இப்போது செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமே இல்லை. ஈர மண்ணை மிதித்தாலோ வெட்டினாலோ அதன் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்று வழிகள் நசுங்கிவிடும், காய்ந்ததும் கட்டிக் கட்டியாக நிற்கும், களிமண் என்றால் அந்த வருடம் முழுக்க அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, கட்டைவிரலால் தட்டிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. உருண்டையாகவே நின்றால், விரல் அடையாளம் பளபளப்பாகப் பதிந்தால், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். நடக்கவே வேண்டும் என்றால் பலகை போட்டு நடக்கலாம்.

ஈர மண் சூடாக நேரமெடுக்கும் என்பதும் ஒரு காரணம். ஒரே எடையுள்ள உலர் மண்ணைவிடத் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். அது போக, மேலிருந்து ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டே போகும். உயர்த்திய பாத்தி முதலில் சூடாவது நீர் வடிந்துவிடுவதால்தான். சீக்கிரம் விதைக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது செய்யக்கூடிய உருப்படியான காரியம், விதைக்கப்போகும் பாத்தியிலிருந்து மட்டும் மூடாக்கை, அதாவது மண்மேல் பரப்பிய சருகையும் வைக்கோலையும், ஒதுக்கிவிட்டு, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை இரண்டு வாரம் போட்டு வைப்பது. மழை உள்ளே இறங்காது, மண் காய்ந்து சூடேறும். மற்ற இடத்து மூடாக்கு அப்படியே கிடக்கட்டும், அடியில் இருக்கும் வேர்களுக்கு இரவில் உறைந்து பகலில் இளகுகிற அலைக்கழிப்பு குறையும்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பதற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹாரிங்டன் என்கிற விதையியலாளர் செய்த சோதனைகளின் எண்கள் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. பட்டாணி 5 டிகிரியில் முளைக்க 36 நாள் ஆகும், 10 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள், 15 டிகிரியில் 9 நாள். லெட்யூஸ் கீரை 5 டிகிரியில் 15 நாள், 10 டிகிரியில் ஒரே வாரம். தக்காளி 10 டிகிரியில் 43 நாள், 20 டிகிரியில் 8 நாள், 25 டிகிரியில் 6 நாள். பட்டாணி எண்ணை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 5 டிகிரி மண்ணில் இன்றைக்கு ஊன்றுகிறவரும், மண் 10 டிகிரி ஆகும்வரை மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு ஊன்றுகிறவரும் கிட்டத்தட்ட ஒரே நாளில்தான் முளையைப் பார்ப்பார்கள். இடையில் முதலாமவரின் விதையில் பாதியை அழுகலோ எலியோ கொண்டுபோயிருக்கும். சமையலறை வெப்பமானி ஒன்றைக் காலையில் மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகிப் பார்ப்பது இந்த விஷயத்தில் எந்த அனுபவசாலியின் ஆலோசனையைவிடவும் மேல். மதியம் செருகினால் பொய் சொல்லும்.

வீட்டுக்குள் நாற்று விடுவது செடி வைத்த கெடுவா, நாம் வைத்ததா என்றால், இரண்டும். கடைசி உறைபனி வரக்கூடிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விதையிலிருந்து வளர்க்கும் வெங்காயத்துக்கு 10 முதல் 12 வாரம், மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் 8 முதல் 10, தக்காளிக்கு 6 முதல் 8, வெள்ளரி, பூசணி வகைக்கு 3 அல்லது 4. வெங்காயமும் மிளகாயும் உண்மையிலேயே நேரமெடுப்பவை, அவற்றை இப்போது ஆரம்பிக்காவிட்டால் பிந்திவிடும். தக்காளி விஷயம் அப்படி இல்லை, ஆனால் எல்லோரும் தக்காளியைத்தான் முதலில் போடுகிறார்கள். ஜன்னலோரத்தில் மூன்று மாதம் வேர் சுற்றிக்கொண்டு நெடுநெடுவென்று நின்ற தக்காளியைவிட, ஆறு வாரத்தில் குட்டையாகத் தடித்து நிற்கிற நாற்று வெளியே வைத்ததும் முந்திக்கொள்ளும். பெரிய நாற்று என்பது நம் கண்ணுக்குத்தான் அழகு.

அந்த நெடுநெடுப்புக்குக் காரணம் வெளிச்சக் குறைவு. பின்பனிக்கால ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், செடிக்குப் போதாது. சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கு ஒன்றை நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் தண்டு குட்டையாக நிற்கும். செடி வளர வளர விளக்கையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். முளைக்கத்தான் அடிச்சூடு தேவை, முளைத்த பிறகு சற்றுக் குளிர்ந்த இடமே நல்லது, சூடும் மங்கல் வெளிச்சமும் சேர்ந்தால்தான் தண்டு ஓடும். தண்டு தரையை ஒட்டிய இடத்தில் நூல் மாதிரி மெலிந்து நாற்று சாய்ந்துவிடுகிறதே, அது நாற்றழுகல். சுத்தமான குழித்தட்டு, அடியிலிருந்து தண்ணீர் காட்டுவது, லேசாக ஒரு மின்விசிறி, இந்த மூன்றும் போதும். வந்த பிறகு காப்பாற்ற முடியாது.

பழைய விதையைத் தூக்கிப் போடவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். பத்து விதையை ஈரத்தாளில் சுருட்டி ஒரு டப்பாவில் சூடான இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று தெரிந்துவிடும். பாதி முளைத்தால் இரண்டு மடங்கு நெருக்கமாக விதைக்க வேண்டியதுதான். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்தில் செத்துவிடும், தக்காளி நான்கைந்து வருடம் தாங்கும், வெள்ளரிக் குடும்பமும் அப்படியே. மேலே சொன்ன ஹாரிங்டன் இதற்கும் ஒரு கணக்கு வைத்தார்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். விதைப் பொட்டலங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க இதைவிடக் காரணம் வேண்டாம். தோட்டக் கொட்டகை அலமாரி விதைக்கு எமன்.

சின்ன வேலைகள் சில உண்டு. மண் உறைந்து உறைந்து இளகியதில், போன இலையுதிர்காலத்தில் நட்ட செடிகள் வேரோடு மேலே தள்ளப்பட்டு நிற்கும், ஒரு சுற்று வந்து பாதத்தால் மெல்ல அமுக்கிவிட வேண்டும், இது தள்ளிப்போடக் கூடாதது, வேர் காற்றில் காய்ந்துவிடும். வசந்தத்தில் ஒட்டுக் கட்ட நினைப்பவர்கள் ஒட்டுக்குச்சியை இப்போதே, மரம் உறங்கும்போதே வெட்டி, ஈரத்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், பக்கத்தில் ஆப்பிள் பழம் இருக்கக் கூடாது, அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். கத்தரியைத் தீட்டும்போது சரிவு இருக்கும் பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும், இரண்டு பக்கமும் தீட்டினால் வெட்டாது, கடிக்கும். மரத்துக்கு மரம் அலகை ஆல்கஹாலால் துடைத்துக்கொள்வது நல்லது, பிளீச் இரும்பை அரித்துவிடும்.

கடைசியாக, எல்லோரும் முதலில் செய்கிற வேலை. போன வருடத்துக் காய்ந்த தண்டுகளையும் சருகுகளையும் கூட்டி வாரித் தோட்டத்தைச் சுத்தம் செய்வது. பார்க்க ஒழுங்காக இருக்கும், அதைத் தவிர இதற்கு இப்போது எந்த அவசரமும் கிடையாது. உள்ளீடற்ற தண்டுகளுக்குள் தனித்து வாழும் சிறு தேனீக்கள் புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ அடுத்த வெயிலுக்காகக் காத்துக் கிடக்கின்றன. சருகுக்கு அடியில் பொறிவண்டுகளும் தரைவண்டுகளும் வண்ணத்துப்பூச்சிக் கூடுகளும் இருக்கின்றன. அசுவினி கிளம்பும் மாதத்தில் நமக்கு வேண்டிய ஆட்கள் அவர்கள்தான், மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு அப்புறம் பூச்சிமருந்து தேடுவதில் அர்த்தமில்லை. நோயுற்ற இலைகளை, முக்கியமாகக் கரும்புள்ளி வந்த ரோஜா இலைகளையும் மரத்திலேயே காய்ந்து தொங்கும் அழுகல் பழங்களையும் இப்போதே அகற்றலாம், அகற்றத்தான் வேண்டும். மற்றதைப் பகல் வெப்பம் சில நாட்கள் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் தண்டுகளை அடியோடு வெட்டாமல் ஒரு முழம் விட்டு வெட்டினால், அந்தக் கோடையில் புதிதாகக் கூடு வைக்க வருகிற தேனீக்களுக்கு அந்த மொட்டைத் தண்டுகளே போதும், செடி தழைத்துவிட்டால் அவை வெளியே தெரியவும் தெரியாது.